ஹாங்காங்கில் ஒரு சம்பந்தி வீடு

மாமியார் மருமகள் சண்டையை வைத்துத் தமிழ்நாடே கதை பேசுகிறது. டிவிக்காரர்கள் அதில்தான் பிழைக்கிறார்கள். காயல்பட்டினத்துப் பெண்களுக்கு அந்தத் தொடர்களில் பாதி விளங்காது. இந்த ஊரில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவான். பெண் பிறந்த வீட்டை விட்டு நகர மாட்டாள். மாமியார் நாலு தெரு தள்ளித் தன் வீட்டில் இருப்பாள். பெருநாளுக்குப் பெருநாள் பலகாரம் போகும், கழுவின பாத்திரம் திரும்பி வரும், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வாயாரப் புகழ்ந்துகொள்வார்கள். சண்டை போட வேண்டுமானால் ஒரே அடுப்படி வேண்டும். அதற்கு இங்கே வழியில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸாலிஹா ஹாங்காங்கில் செய்த காரியம் வெளியூர்க்காரர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றும்.

ஸாலிஹாவுக்கு அறுபத்தொரு வயது. பிறந்தது, வளர்ந்தது, பிள்ளை பெற்றது, கணவனைப் பறிகொடுத்தது எல்லாம் ஒரே வீட்டில். அவளுடைய உம்மா அவளுக்குக் கொடுத்த வீடு அது. கணவர் மூஸா நெய்னா தூத்துக்குடித் துறைமுகத்தில், கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, குடிதண்ணீர் ஏற்றிக்கொடுக்கும் ஒரு ஏஜென்சியில் வேலை பார்த்தார். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் வருவார். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து முப்பத்து நான்கு வருஷம் ஆன பிறகும், வாசலில் ஒரு முறை செருமிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். நல்ல மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன் மௌத்தாகிவிட்டார்.

ஸாலிஹாவிடம் ஒரு வித்தை உண்டு. அவளைப் போல விருந்தாளியாக இருக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. சிரிக்க வேண்டாம், அது லேசான காரியமில்லை. மௌத்தான வீட்டில் எவ்வளவு நேரம் உட்காருவது, பெண் பார்க்கப் போன இடத்தில் எத்தனை முறுக்கு எடுப்பது, பிள்ளை பெற்றவளிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கவே கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அடுத்த வீட்டு அடுப்படியில் கூப்பிடாமல் கால் வைக்க மாட்டாள். வீட்டுக்காரி கடிகாரத்தைப் பார்க்கும் முன் எழுந்துவிடுவாள். சம்பந்தம் பேசப் போகிறவர்கள், பெண்கள் மட்டும் நடக்கும் முடுக்குச் சந்து வழியாக வந்து அவளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அவள் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள். அவள் போய் வந்த வீட்டில் அவளைப் பற்றி ஒரு குறையும் யாரும் சொன்னதில்லை.

ஒரே பிள்ளை, உஸாமா. ஹாங்காங்கில் ஒரு ரத்தினக் கல் வியாபார அலுவலகத்தில் ஒன்பது வருஷமாக வேலை. ஐந்து வருஷத்துக்கு முன் கல்யாணம் ஆனது. பெண் அஸ்மா, நாலு தெரு தள்ளி. நிக்காஹ் முடிந்த அன்றே பையன் பெண் வீட்டுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் இறங்குவது அஸ்மாவின் உம்மா வீட்டில். காலையில் ஸாலிஹாவிடம் வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவான். பத்து நிமிஷம், மிஞ்சினால் கால் மணி. ஊரில் எல்லா ஆண்பிள்ளைகளும் அப்படித்தான் உம்மாவைப் பார்க்க வருகிறார்கள், யாரும் அதை ஒரு குறையாக எண்ணுவதில்லை.

பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு அது குறையில்லைதான். அவர்கள் வீட்டுக்கு மருமகன் வருகிறான், வீடு நிறைகிறது. ஆண்பிள்ளை மட்டும் பெற்றவள் பாடு வேறு. ஸாலிஹாவுக்கு வெளியே சொல்ல முடியாத ஓர் ஆசை இருந்தது. மகன் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வருவதை ஒரு தடவை பார்க்க வேண்டும். காலை டீ உம்மாவுக்கு, சாயங்காலம் பெண்டாட்டி வீட்டுக்கு என்பது ஊர் கட்டிவைத்த கணக்கு. அந்தக் கணக்கில், அவன் கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு மகனின் சாயங்காலம் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

போன கார்த்திகை மழையில் பின்வாசல் பாசியில் வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. வீட்டு வேலைக்கு வரும் செண்பகம் ஒன்பது மணிக்கு வந்து தூக்கிவிடும்வரை ஈரத்திலேயே கிடந்தாள். செய்தி கேட்டு உஸாமா போனில் அழுதான். பிறகு திட்டம் போட்டான். ஹாங்காங்கில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை அவனுக்குக் கிடைத்துவிட்டது. அறுபது தாண்டிய உம்மாவைக் கூடவே வைத்துக்கொள்ள விண்ணப்பம் போடலாம். அஸ்மாவும் ஒன்றரை வருஷமாக அவனோடு அங்கேதான் இருக்கிறாள். முதலில் சும்மா வந்து பாருங்கள், பதினான்கு நாள் இருங்கள், பிடித்தால் விண்ணப்பம் போடுவோம் என்றான். ஸாலிஹா பார்க்கலாம் என்றாள். போனை வைத்ததும் அலமாரியைத் திறந்து எதை எடுத்துப்போவது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அத்தனை ஆசை.

ஜனவரியில் அங்கே குளிர் என்றார்கள். காயல்பட்டினத்தில் குளிர்காலம் என்பது மார்கழியில் விசிறியை ஒரு புள்ளி குறைப்பது. ஸ்வெட்டர் தேடித் தூத்துக்குடியில் மூன்று கடை ஏறி இறங்கினாள். மூன்றாவது கடைக்காரர் உள்ளே போய்த் தேடி ஒன்றை எடுத்து வந்து தூசியைத் தட்டிக்கொண்டே, ஊட்டிக்குப் போறியளா என்று கேட்டார். அதைவிடக் கொஞ்சம் தூரம் என்றாள் ஸாலிஹா. ஓட்டுமா, தம்மடை என்று ஊர்ப் பலகாரங்கள், மாசிக் கருவாடு எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு, தூத்துக்குடியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து ஐந்தரை மணி நேரம் என்று பறந்து போய் இறங்கினாள்.

வீடு கவ்லூன் பக்கம், பத்தொன்பதாவது மாடியில். இரண்டு சின்ன அறை, ஒரு கூடம், ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே வரவேண்டிய அடுப்படி. கூடத்து ஜன்னலில் நின்றால் இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஒரு முழம் கடல் தெரியும். அந்த ஒரு முழத்திலும் எந்த நேரமும் ஏதாவது ஒரு கப்பல் போய்க்கொண்டிருக்கும். வெளியே பத்து டிகிரி. அந்த ஊரில் வீடுகளைச் சூடாக வைக்கும் ஏற்பாடு கிடையாது. தெருவில் நடந்தால் உடம்பு சூடாகும், வீட்டுக்குள் வந்தால் தரை ஓட்டிலிருந்து குளிர் காலில் ஏறும். வீட்டில் ஒரே ஒரு சின்ன ஹீட்டர் இருந்தது. அஸ்மா அதை ஸாலிஹாவின் அறையில் வைத்தாள். ஸாலிஹா கொஞ்ச நேரம் கழித்து அதை அவர்கள் அறை வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

ஸாலிஹா தன் வித்தையைக் காட்டத் தொடங்கினாள். கூப்பிட்டால்தான் சாப்பிட வந்தாள். இன்னும் கொஞ்சம் என்றால் போதும் என்றாள். சாப்பிட்ட தட்டைக் கழுவித் துடைத்து ஓரமாக வைத்தாள். ஃபிரிட்ஜைத் திறக்கவில்லை. தாகம் எடுத்தால் அஸ்மா அந்தப் பக்கம் வரும்வரை காத்திருந்தாள். கல்யாணமாகி ஐந்து வருஷமாகக் குழந்தை இல்லையே என்று ஒரு வார்த்தை வாயைத் திறக்கவில்லை. மருமகளை வாங்கம்மா, இருங்கம்மா என்றே கூப்பிட்டாள். ஊரில் அஸ்மாவின் உம்மா வீட்டுக்குப் போனால் எப்படி இருப்பாளோ அதில் இம்மியும் பிசகவில்லை.

ஆனால் சாயங்காலம் ஏழரை மணிக்கு ஒன்று நடந்தது. பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்கும். உஸாமா உள்ளே வந்து, குளிரில் சிவந்த மூக்கோடு, ஷூவைக் கழற்றிக்கொண்டே உம்மா என்பான். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டபோது ஸாலிஹா தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். அவன் சட்டையை எங்கே மாட்டுகிறான், வந்ததும் முதலில் என்ன குடிக்கிறான், சோறு பிசையும்போது இப்போதும் ஊறுகாயைத் தட்டின் இடது ஓரத்தில்தான் வைக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். முப்பத்து மூன்று வயதுப் பிள்ளை. அவனைப் பற்றித் தனக்கு எவ்வளவு தெரியாது என்று நினைத்தபோது அவளுக்கு வருத்தமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

மூன்றாம் நாள் உஸாமா விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். என்ன உம்மா, இருந்திருவோமா என்றான். ஸாலிஹா பார்க்கலாம் என்றாள். ஐந்தாம் நாள் கேட்டான். பார்க்கலாம். எட்டாம் நாள் கேட்டபோது, இங்கன ஒங்களுக்கு என்னதான் கொறச்சல் என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டான். ஒரு குறையும் இல்லை என்றாள். அவன் முகம் வாடிப்போனது. உம்மாவுக்குத் தன்னோடு இருக்க மனசில்லை என்றே அவன் முடிவு கட்டிவிட்டான்.

மனசில்லாமலா? அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட அவள் கை துடித்துக்கொண்டிருந்தது. ஆனால் கூப்பிடுகிறவன் யார்? உஸாமா அந்த வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளை தன் உம்மாவைத் தன் பெண்டாட்டி வீட்டில் வந்து தங்கச் சொன்னால், மானமுள்ள எந்தப் பெண்ணாவது சரி என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போய் உட்காருவாளா? வீட்டுக்காரி கூப்பிட வேண்டும். வீடு அஸ்மாவுடையது, ஆகவே வார்த்தை அஸ்மா வாயிலிருந்து வரவேண்டும். வாடகையை உஸாமா கொடுக்கிறான், பத்திரத்தில் அவன் பெயர்தான் இருக்கிறது என்பதெல்லாம் ஸாலிஹாவின் மண்டையில் ஏறவே இல்லை. பெண் இருக்கும் இடம் பெண்ணின் வீடு. அதைத் தவிர வேறு விதமாக வீட்டை நினைக்க அவளுக்குத் தெரியாது.

அஸ்மாவோ வாயைத் திறக்கவில்லை. உஸாமா படிவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒன்பதாம் நாள் அஸ்மா மாமியாரை ஃபெர்ரியில் அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கீழ்த்தட்டில் மரப்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். காற்று ஸ்வெட்டருக்குள் நுழைந்து எலும்பைத் தொட்டது. இருகரையும் கட்டடம், நடுவில் இழுவைப் படகுகளும் தட்டைப் படகுகளும் குறுக்கும் நெடுக்கும். ஒரு சின்ன மோட்டார் படகு பெரிய கப்பல் ஒன்றின் வயிற்றோரம் போய் நின்றது. அதில் அட்டைப்பெட்டிகளும் முட்டைக்கோஸ் மூட்டைகளும் இருந்தன. மேலேயிருந்து கயிற்றுவலை இறங்கியது. படகிலிருந்த ஒரு கிழவர் கையை ஆட்டி ஆட்டி ஏற்றச் சொன்னார்.

ஸாலிஹா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் அவள் ஒரு நாளும் போனதில்லை. பாஸ் இல்லாமல் விடமாட்டார்கள், அவளுக்கு அங்கே வேலையும் இல்லை. மூஸா நெய்னா சாயங்காலம் வந்து, இன்றைக்கு நூறு மூட்டை ஏற்றினோம் என்பார். அவளும் சரி என்பாள். முப்பத்து நான்கு வருஷம் அந்த மனிதர் என்ன வேலை செய்தார் என்பதை இந்தக் குளிரில், இவ்வளவு தூரம் வந்து, அவர் போய்ச் சேர்ந்த பிறகு பார்க்கிறாள். இவ்வளவு கஷ்டமான வேலையா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். அவர் சாயங்காலங்கள் அவளிடம்தான் இருந்தன. அவற்றை அவள் பெரிதாகப் பார்த்துக்கொள்ளவில்லை.

மாமி, குளிருதா என்றாள் அஸ்மா. இல்லம்மா என்றாள் ஸாலிஹா, பல் நடுங்க. அஸ்மா கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டு, கெளம்பலாமா மாமி என்று கேட்டாள். வீட்டுக்குப் போவோமா என்றுதான் அந்தப் பெண் கேட்டது. ஊருக்குக் கிளம்பச் சொல்வதாக ஸாலிஹா எடுத்துக்கொண்டாள். வீட்டுக்காரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள். வாழ்நாளில் முதல் தடவையாகத் தான் எழுந்திருக்க வேண்டிய நேரத்தைத் தவறவிட்டுவிட்டோம் என்று அவளுக்கு அவமானமாக இருந்தது.

பதினோராம் நாள் குளிர் எட்டு டிகிரிக்கு இறங்கியது. உஸாமா வேலைக்குப் போனதும் ஸாலிஹா ஹீட்டரை வழக்கம்போலத் தூக்கிக்கொண்டுபோய் அவர்கள் அறை வாசலில் வைத்தாள். குளித்துவிட்டு வெளியே வந்த அஸ்மாவின் கால் அதில் இடித்தது.

“மாமி, இத ஏன் இங்கன கொண்டாந்து வச்சிய?”

ஒங்க ரூம்ல இருக்கட்டும்மா, எனக்குக் குளிரல என்றாள் ஸாலிஹா. சொல்லி வாய் மூடவில்லை, அடுக்காக மூன்று தும்மல் வந்தது.

அஸ்மாவுக்கு அடக்கிவைத்திருந்ததெல்லாம் வெடித்துவிட்டது. “பதினோரு நாளா பாக்குதேன். ஒரு கிளாஸ் தண்ணி நீங்களா எடுத்துக் குடிக்கல. அடுப்படிப் பக்கம் எட்டிப் பாக்கல. நான் வச்ச கறி எப்படி இருக்குன்னு நல்லதாவும் சொல்லல, கெட்டதாவும் சொல்லல. எங்க உம்மா வூட்டுக்கு வந்தா இருக்கிற மாதிரியே இருக்கிய. நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லிட்டாவது போங்க, மாமி.”

ஸாலிஹாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷத்தில் எந்த வீட்டுக்காரியும் அவளை இப்படிக் கேட்டதில்லை. அவள் செய்த மரியாதையெல்லாம் அங்கே குற்றமாக நின்றது. “அடுத்த வூட்டு அடுப்படியில நான் எப்படிம்மா கைய வைப்பேன்? ஒங்க வூடுல்லா இது.”

“எங்க வூடு ஊர்ல இருக்கு. இது ஒங்க மவன் வூடு. இங்கன ஒரு ஆணி அடிக்கணும்னாலும் அவங்களக் கேட்டுத்தான் அடிக்கேன். ஒங்க மவன் வூட்டுக்கு ஒங்கள வந்து இரிங்கன்னு சொல்ல நான் யாரு?”

“ஏளா,” என்றாள் ஸாலிஹா. “மாப்பிள்ளைக்கு ஏது வூடு?”

பெற்ற மகளைக் கூப்பிடுவதுபோல ஏளா என்று அவள் அஸ்மாவைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுத் தானே திகைத்துப்போனாள். அஸ்மா அவளையே பார்த்தாள். பிறகு அந்தக் குளிர்ந்த தரையிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஸாலிஹாவுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. இந்தப் பெண் ஒன்றரை வருஷமாக அடுத்தவர் வீட்டில் இருப்பதாக நினைத்து இருந்திருக்கிறாள். மற்ற ஊர்ப் பெண்களுக்கு இது பழக்கம். சின்ன வயதிலிருந்தே நீ இன்னொரு வீட்டுக்குப் போகிறவள் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிறார்கள். காயல்பட்டினத்துப் பெண்ணுக்கு அப்படி யாரும் சொல்லித் தருவதில்லை. பத்தொன்பதாவது மாடியில், கூப்பிடு தூரத்தில் உம்மா இல்லாமல், புருஷனிடம் கேட்டு ஆணி அடித்துக்கொண்டு ஒரு பிள்ளை தனியாகத் தவித்திருக்கிறாள். அவளைப் பார்க்க வந்த மாமியாரோ, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு அழைப்புக்குக் காத்திருக்கிறாள். மாப்பிள்ளை ஒரு விருந்தாளி, மருமகள் ஒரு விருந்தாளி, மாமியார் ஒரு விருந்தாளி. வீட்டில் வீட்டுக்காரர் என்று ஒருவர்கூட இல்லை. தன் வித்தையை நினைத்து ஸாலிஹாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எழுந்து அடுப்படிக்குள் போனாள். இஞ்சி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நாலு அலமாரியைத் திறந்து மூடினாள். ஃபிரிட்ஜைத் திறந்து பாலை எடுத்தாள். டீயைக் கொண்டுவந்து அஸ்மாவிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். ஹீட்டரை நடுவில் இழுத்துவைத்து இரண்டு பேரும் காலை நீட்டிக்கொண்டார்கள். அஸ்மா ஒரு வாய் குடித்துவிட்டு, இனிப்புக் கூடிப்போச்சு மாமி என்றாள். ஸாலிஹா அடுத்த தடவை குறைத்துப் போடுவதாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் உஸாமா வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் ஸாலிஹா கேட்டுவிட்டாள், இந்த வீடு யாருடையது என்று. நம்மளோடதுதான் உம்மா என்றான் அவன்.

“நம்மளோடதுன்னு ஒரு வூடு கெடையாதுலே. ஒருத்தியோடதா இருந்தாத்தான் அது வூடு. எங்க உம்மா எனக்குத் தந்தாங்க. எனக்குத் தாரதுக்குப் பொட்டப்புள்ள இல்ல. அதனால இத நான் அஸ்மாவுக்குத் தாரேன்.”

உஸாமா சிரித்தான். வாடகை வீட்டை எப்படி உம்மா கொடுப்பீர்கள் என்றான். ஸாலிஹா சிரிக்கவில்லை. வாடகை வீட்டுக்கும் வீட்டுக்காரி வேண்டும், இனிமேல் ஆணி அடிக்க வேண்டுமானால் நீதான் அவளைக் கேட்க வேண்டும் என்றாள். அவள் குரலைக் கேட்டு அவன் சிரிப்பு அடங்கியது. அஸ்மாவின் முகத்தைப் பார்த்தான். ஒன்றரை வருஷமாகத் தன் கண்ணில் படாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். ஷூவைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

ஸாலிஹா மருமகள் பக்கம் திரும்பினாள். “நான் இங்கன வந்து இருக்கதா வேண்டாமான்னு நீதான் சொல்லணும். அவன் மூஞ்சியப் பாக்காத. வேண்டாம்னு தோணிச்சின்னா அதையும் வாயத் தொறந்து சொல்லு. வூட்டுக்காரி சொன்னா எனக்கு அதுல ஒரு கொறவும் இல்ல.”

இதைச் சொல்லும்போது அவளுக்குள் ஒரு நம்பிக்கை. இவ்வளவு பெரிய வார்த்தையைக் கேட்ட பிறகு அந்தப் பெண் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, இருங்கள் மாமி என்று சொல்லாமலா போவாள்?

அஸ்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். “யோசிச்சுச் சொல்லுதேன், மாமி,” என்றாள்.

ஸாலிஹா எதிர்பார்த்த பதில் அது இல்லை என்பது உண்மை. ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். உரிமையைக் கொடுத்துவிட்டு, அதை நான் நினைத்தபடிதான் நீ செலுத்த வேண்டும் என்று சொன்னால் அது என்ன உரிமை? யோசிம்மா என்று சொல்லிவிட்டுச் சோறு எடுத்துவைக்கப் போனாள்.

மிச்சம் இருந்த நாட்களில் இரண்டு பேரும் ஒன்றாகச் சமைத்தார்கள், மீன் வாங்கப் போனார்கள், உப்பு அளவுக்காக இரண்டு தடவை முட்டிக்கொண்டார்கள். படிவத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. பதினான்காம் நாள் விமான நிலையத்தில் அஸ்மா மாமியாரைக் கட்டிக்கொண்டு ஸலாம் சொன்னாள். அப்போதும் அந்த வார்த்தை வரவில்லை. விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸாலிஹா அழுதாள். பக்கத்து இருக்கைக்காரர் குளிர் என்று நினைத்துத் தன் போர்வையையும் அவளிடம் கொடுத்தார்.

ஊரில் எல்லோரும் வந்து கேட்டார்கள். ஹாங்காங் எப்படி, குளிர் எப்படி, மகன் எப்படி என்று. எல்லாம் நல்லா இருக்கு என்றாள். மறுபடி போவீர்களா என்று கேட்டவர்களிடம், அது வீட்டுக்காரி கையில் இருக்கிறது என்றாள். அவர்களுக்கு அது ஒரு சாதாரணப் பதிலாகவே பட்டது. உஸாமா தினமும் போன் செய்தான். அஸ்மா என்ன சொல்கிறாள் என்று ஸாலிஹா ஒரு நாளும் அவனைக் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சாயங்காலம் ஹாங்காங்கில் ஏழரை என்றால் இங்கே ஐந்து. அந்த நேரத்தில் மட்டும் அவளுக்கு எந்த வேலையும் ஓடாது. வாசலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அஸ்மாவின் வார்த்தை இனி வராது என்று மெல்ல மெல்ல மனசைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

நோன்புக்கு நாலு நாள் இருக்கும்போது அஸ்மாவின் நம்பரிலிருந்து போன் வந்தது. அஸ்மா ஹாங்காங் போன நாளிலிருந்து பேச்செல்லாம் உஸாமாவின் போனில்தான். அவன் பேசி முடித்துக் கையில் கொடுத்தால்தான் அவள் பேசுவாள்.

“மாமி, நான் அஸ்மா. சொல்லாம இருந்துட்டேன்னு கோவமா இருப்பிய.”

இல்லை என்றாள் ஸாலிஹா. கொஞ்சம் என்று திருத்திச் சொன்னாள்.

“நீங்க என் வூடுன்னு சொன்னதும் எனக்கு அத மொதல்ல நானா இருந்து பாக்கணும் போல இருந்துச்சி. கட்டில எடம் மாத்தினேன். ஜன்னலுக்குப் புதுசா தெர போட்டேன். பக்கத்து வூட்டுச் சீனக்காரம்மாவ டீக்குக் கூப்பிட்டேன். ஒரு மாசம் ஆயிட்டு. இப்பத்தான் எனக்கு வூடு மாதிரி இருக்கு. எங்க வூட்டுக்கு வாங்க மாமி. வந்து எங்கூட இரிங்க.”

எங்க வூடு என்றால் அந்த ஊர்ப் பெண்கள் வாயில் அதற்கு ஒரே அர்த்தம்தான், உம்மாவின் வீடு. அஸ்மா அதை ஹாங்காங் வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். ஸாலிஹா, கண்ணீர் தாடைவரை வந்ததைத் துடைக்காமல் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். லைன் கட்டாகிவிட்டதோ என்று அந்தப் பக்கம் மாமி, மாமி என்று கூப்பிட்டது.

“வாரேன்ளா,” என்றாள் ஸாலிஹா. “ஒன் மாப்பிள்ளைட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கோ.”